விமானத்தில் மிதிவண்டியை எடுத்துச் செல்லுதல்

விமானத்தில் மிதிவண்டியை எடுத்துச் செல்லுதல் என்பது, வெளிநாட்டில் மிதிவண்டிச் சுற்றுலா செல்லும் ஒருவர் தம் சொந்த வண்டியை ஓரளவு கழற்றி, பெட்டியிலோ உறையிலோ கட்டி, தாம் பயணம் செய்யும் விமானத்தின் சரக்கறையில் தம் பயணப் பொதியாகவே கொண்டுசெல்வதைக் குறிக்கும். வண்டியைச் சரக்காகத் தனியே அனுப்புவதிலிருந்து இது வேறுபட்டது. சரக்காக அனுப்பினால் வண்டி பயணிக்கு முன்போ பின்போ வந்து சேரும். சுங்க ஆவணங்களும் தனியே தேவைப்படும். பயணப் பொதியாகச் சென்றால் வண்டியும் பயணியும் ஒரே விமானத்தில் போய் இறங்கலாம்.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் மிதிவண்டியை விளையாட்டுக் கருவி என்ற வகையில் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் அளவு, எடை, கட்டணம், கட்டும் முறை, மின்கலம் ஆகியவற்றில் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. பயணச்சீட்டு வாங்கும் முன்பே இவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பின்னணி

விமானப் பயணம் பரவுவதற்கு முன் மிதிவண்டிப் பயணிகள் கடலைக் கப்பலிலும் இடையிடையே நிலத்தைத் தொடருந்திலும் கடந்தனர். மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதராகக் கருதப்படும் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோகாமாவை அடைந்தார். ஆப்கானிஸ்தான் வழியே செல்ல இயலாமல் போனதால், அவர் திரும்பிச் சென்று கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதிவண்டியில் பயணம் செய்தார். பெரிய முன்சக்கரம் கொண்ட அவருடைய வண்டி கப்பலில் கழற்றப்படாமலேயே செல்ல முடிந்தது. விமானத்தில் இடமும் எடையும் அருமையானவை. அதனால் வண்டியைச் சிறிதாக்கிக் கட்டுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

சொந்த வண்டியா, வாடகை வண்டியா

சொந்த வண்டியை எடுத்துச் செல்ல விரும்புவதற்கு முதற் காரணம் உடல் பொருத்தம். சீட்டின் உயரம், ஹேண்டில்பாரின் தொலைவு, பெடலின் வகை ஆகியவை ஒருவர் உடலுக்கு ஏற்ப அமைந்திருக்கும். நாளொன்றுக்கு 80 அல்லது 100 கிலோமீட்டர் எனப் பல நாள் ஓட்டும்போது, சில மில்லிமீட்டர் வேறுபாடும் முழங்கால் வலியாகவும் முதுகு வலியாகவும் வெளிப்படும். சுமைப் பைகளை மாட்டும் கேரியர், தமக்குப் பழகிய கியர் அளவு ஆகியவையும் வாடகை வண்டியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் பாதை. பெரும்பாலான வாடகை வண்டிகளை எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடற்கரை வரை பத்து நாடுகள் வழியே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் 'யூரோவெலோ 6' போன்ற நெடும்பாதைக்கு அது ஒத்துவராது.

எனினும் வாடகையே மேலான இடங்களும் உண்டு. ஜப்பானில் ஒனோமிச்சி, இமாபாரி ஆகிய ஊர்களைப் பல தீவுகள் வழியே இணைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஷிமானாமி கைடோ' பாதையில், ஓரிடத்தில் வாடகைக்கு எடுத்த வண்டியைப் பாதையிலுள்ள வேறொரு நிலையத்தில் ஒப்படைக்கும் வசதி உள்ளது. ஓரிரு நாள் பயணத்துக்கு அங்கே சொந்த வண்டி தேவைப்படாது.

செலவை ஓர் எளிய கணக்கால் ஒப்பிடலாம். விமானத்தில் வண்டிக்கு ஒரு வழிக் கட்டணம் 75 யூரோ என்றும், வாடகை நாளொன்றுக்கு 25 யூரோ என்றும் வைத்துக்கொள்வோம். போக வரக் கட்டணம் 150 யூரோ. அது ஆறு நாள் வாடகைக்குச் சமம். ஆறு நாளுக்குக் குறைந்த பயணமானால் வாடகையும், அதற்கு மேற்பட்டதானால் சொந்த வண்டியும் சிக்கனம். பெட்டியின் விலை, விமான நிலையத்துக்குப் பெரிய வாகனம் அமர்த்தும் செலவு ஆகியவற்றையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவும் எடையும்

சரக்கறைக்குச் செல்லும் பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செண்டிமீட்டருக்கு (62 அங்குலம்) மிகக் கூடாது என்பது பல நிறுவனங்களின் பொது விதி. வழக்கமான மிதிவண்டி அட்டைப்பெட்டி ஏறக்குறைய 140 செ.மீ. நீளமும் 80 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் கொண்டது. மூன்றும் சேர்ந்து 240 செ.மீ. எனவே முழு அளவுச் சக்கரம் கொண்ட எந்த வண்டியும் 'அளவு மீறிய பொதி' ஆகிவிடுகிறது. சில நிறுவனங்கள் விளையாட்டுக் கருவிகளுக்கு இந்த அளவு விதியைத் தளர்த்தி, எடை வரம்புக்குள் இருந்தால் கட்டணமின்றி ஏற்கின்றன; மற்றவை தனிக் கட்டணம் கேட்கின்றன.

எடையில் இரண்டு எண்கள் முக்கியம். சாதாரண வகுப்பில் ஒரு பொதிக்குப் பெரும்பாலும் 23 கிலோ வரம்பு. எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் ஒரே பொதி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். பொதி தூக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காப்பதற்காக வந்த வரம்பு அது. சுமைப் பயணத்துக்கான இரும்புச் சட்ட வண்டி 14 கிலோ இருக்கலாம். கடினப் பெட்டி மட்டுமே 10 கிலோவுக்கு மேல் இருப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தாலே 23 கிலோவைத் தாண்டிவிடும். அதே வண்டியை 3 கிலோ அட்டைப்பெட்டியில் கட்டினால் 17 கிலோதான். மீதி 6 கிலோவுக்குச் சுமைப் பையின் பொருள்களையும் அதற்குள்ளேயே வைக்கலாம். ஆனால் மிதிவண்டிப் பெட்டிக்குள் வேறு பொருள் கூடாது என்று சொல்லும் நிறுவனங்களும் இருப்பதால், முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயணம் இரண்டு விமானங்களில் அமைந்தால், இரண்டிலும் பெட்டி ஏறுமா என்று உறுதி செய்ய வேண்டும். கடைசிக் கட்டத்தில் வரும் சிறிய விமானத்தின் சரக்கறைக் கதவு பெட்டியைவிடச் சிறியதாக இருக்கலாம். இடம் குறைவு என்பதால் ஒரு விமானத்துக்கு இத்தனை வண்டிகள்தான் என வரம்பு வைப்பதும் உண்டு. எனவே பயணச்சீட்டு எடுத்தவுடன் வண்டியையும் பதிவு செய்து, அந்த உறுதிப்படுத்தலை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது. இரண்டு பயணங்களைத் தனித்தனிச் சீட்டாக வாங்கினால், இடையில் வண்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும்; கட்டணமும் இரண்டு முறை செலுத்த நேரிடும்.

கட்டும் முறைகள்

மிதிவண்டியைக் கட்ட ஐந்து வழிகள் வழக்கத்தில் உள்ளன.

1. அட்டைப்பெட்டி: புதிய வண்டிகள் கடைக்கு வரும் பெட்டி. பெரும்பாலும் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும். எடை குறைவு, சேருமிடத்தில் எறிந்துவிடலாம். மழையில் நனைந்தால் கிழிந்துவிடும் என்பது குறை.

2. மென்பை: உட்புறம் பஞ்சுத் தகடு வைத்துத் தைத்த துணிப்பை. சக்கரங்களுக்குத் தனி அறை இருக்கும். மடித்து வைக்கலாம்; ஆனால் மேலே கனமான பொதி விழுந்தால் முழுப் பாதுகாப்பு இல்லை.

3. கடினப் பெட்டி: நெகிழிப் பெட்டி. பாதுகாப்பு மிகுதி, எடையும் விலையும் மிகுதி. ஒரே ஊரில் தங்கி ஓட்டுபவர்களுக்கே இது பொருந்தும்.

4. ஒளிபுகும் நெகிழி உறை: பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, முழு வண்டியையும் தடித்த நெகிழிப் பைக்குள் நுழைப்பது. 1878-இல் தொடங்கப்பட்டு இன்று 'சைக்கிளிங் யுகே' என அழைக்கப்படும் பிரித்தானிய மிதிவண்டிப் பயணிகள் சங்கத்தின் வட்டாரங்களில் இம்முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. உள்ளே இருப்பது மிதிவண்டி என்று கண்ணுக்குத் தெரிவதால், தொழிலாளர்கள் அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள், மற்ற பொதிகளுக்கு அடியில் போடமாட்டார்கள் என்பது இதை ஆதரிப்போரின் வாதம். எல்லா நிறுவனங்களும் இதை ஏற்பதில்லை.

5. பிரித்து மடக்கும் வண்டி: சட்டத்தையே இரண்டாகப் பிரிக்கும் இணைப்பிகள் பொருத்திய வண்டிகள் உள்ளன. 'எஸ் அண்ட் எஸ்' இணைப்பி பொருத்திய வண்டி 26 × 26 × 10 அங்குலப் பெட்டிக்குள் அடங்கும். கூட்டினால் சரியாக 62 அங்குலம்; எனவே அது சாதாரணப் பொதியாகிவிடுகிறது. சிறு சக்கரம் கொண்ட 'பிராம்ப்டன்', 'பைக் ஃப்ரைடே' போன்ற மடக்கு வண்டிகளும் இந்த நோக்கத்துக்கு உதவுகின்றன.

கழற்றும் வரிசை

கழற்றத் தொடங்கும் முன் வண்டியை எல்லாப் பக்கங்களிலும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சீட் கம்பி எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதை ஒரு துண்டு ஒட்டு நாடாவால் குறித்துவிட்டால், பழைய உயரத்தை மீண்டும் தேட வேண்டியதில்லை.

பெடல்: பழக்கமில்லாதவர்கள் அதிகம் சிரமப்படும் இடம் இது. வலப்பக்கப் பெடலின் மரை வழக்கமானது. இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை நேர்மாறானது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும்போது பெடல் தானாகத் தளர்ந்து விடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எளிதில் நினைவில் கொள்ள ஒரு வழி உண்டு: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, அதை வண்டியின் பின்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடல்களும் கழலும். முன்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். நீண்டகாலம் கழற்றாத பெடலைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு முறை கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டி வைப்பது நல்லது.

சக்கரம்: முன்சக்கரத்தைக் கழற்றியபின் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே ஒரு நெகிழித் தடுப்பை வைக்க வேண்டும், இல்லையெனில் பக்கவாட்டு அழுத்தத்தில் கால்கள் வளையும். புதிய வண்டியுடன் வரும் இந்தத் தடுப்புகளைக் கடைகளில் கேட்டுப் பெறலாம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டு அட்டையோ நெகிழித் தகடோ செருகிவைக்க வேண்டும். தவறிப்போய் பிரேக் பிடி அழுந்தினால், கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே நுழையாது. வளைந்துவிடக்கூடிய டிஸ்க் தகடுகளைக் கழற்றித் தனியே வைப்பதும் வழக்கம்.

கியர் மாற்றி: பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்தின் உட்புறமாகக் கட்ட வேண்டும். அதைத் தாங்கும் சிறிய உலோகத் துண்டு (ஹேங்கர்) வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது. அடிபட்டால் சட்டத்துக்குப் பதில் அது வளையும். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் வடிவம் வேறு என்பதால் வெளிநாட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு மாற்றுத் துண்டைக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.

ஹேண்டில்பார்: போல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றி, சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பிகளும் பிரேக் குழாய்களும் மடங்கி உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை அவற்றின் துளைகளிலேயே திருகி வைத்தால் தொலையாது. முடியாதவற்றை ஒரே பையில் போட்டுச் சட்டத்தில் கட்டிவிட வேண்டும். பெட்டியில் ஓட்டை விழுந்தால் முதலில் வெளியே விழுவது தனியாகக் கிடக்கும் சிறு பாகங்களே.

உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களில் குழாய்களுக்கான நுரை உறையையோ பழைய துணியையோ சுற்ற வேண்டும். கடைசியாகப் பெட்டியை மூடிக் குலுக்கிப் பார்க்கலாம். உள்ளே எதுவும் ஆடும் ஓசை கேட்கக் கூடாது.

டயரில் காற்று: ஒரு விளக்கம்

பெரும்பாலான நிறுவனங்கள் டயரின் காற்றை இறக்கச் சொல்கின்றன. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டயர் வெடித்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அறிவியல் முறையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பயணிகள் விமானத்தின் சரக்கறையும் பொதுவாகப் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் ஊட்டப்பட்டது. பறக்கும்போது அங்கே நிலவும் அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. அதாவது சுமார் 0.75 பார். கடல் மட்டத்தில் அது சுமார் 1 பார். கடல் மட்டத்தில் அழுத்தமானி 6 பார் காட்டும் டயர், சரக்கறையில் சுமார் 6.25 பார் காட்டும். உயர்வு 4 விழுக்காடு மட்டுமே. அழுத்தமே இல்லாத வெற்றிடத்தில் வைத்தாலும் 7 பாருக்கு மேல் போகாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள டயர் உயரத்தின் காரணமாக மட்டும் வெடிக்காது.

ஆயினும் விதி விதியே. பதிவு மேசையில் வாதிடுவதால் பயன் இல்லை. காற்றைப் பெரும்பகுதி இறக்கிவிட்டு, சக்கர வளையத்தைத் தரையில் மோதும் அடியிலிருந்து காக்கும் அளவுக்குச் சிறிது மட்டும் விட்டுவைப்பது இரு தரப்புக்கும் ஏற்ற வழி.

மின்கலம், வாயு, எண்ணெய்

மின்மிதிவண்டி: லித்தியம் மின்கலங்களுக்குப் பன்னாட்டு வான்பயண விதிகள் தெளிவான வரம்பு வைத்துள்ளன. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160-க்கு மேற்பட்டதைப் பயணப் பொதியாகக் கொண்டுசெல்ல முடியாது; மாற்றுத்திறனாளிகளின் நகர்வுக் கருவிகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. மின்மிதிவண்டியின் மின்கலம் பெரும்பாலும் 300 முதல் 700 வாட்-மணி வரை இருப்பதால், அதைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்ல இயலாது. மின்கலத்தை வீட்டில் விட்டுவிட்டு, சேருமிடத்தில் அதே வகையை வாடகைக்குப் பெறுவது ஒரு வழி. வண்டியையே அங்கு வாடகைக்கு எடுப்பது மற்றொரு வழி.

விளக்கு, வழிகாட்டிக் கருவி, பவர் பேங்க்: கழற்றிய உதிரி லித்தியம் மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில்தான் செல்ல வேண்டும், சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது. மின்னணுக் கியர் பொருத்திய வண்டியானால், கழற்றக்கூடிய சிறு மின்கலத்தைக் கழற்றிக் கைப்பையில் வைப்பது நல்லது.

வாயுக் குப்பி: டயருக்கு விரைவில் காற்றடிக்கும் கரியமில வாயுக் குப்பிகள் குறித்து நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. கைப்பம்பை எடுத்துச் சென்றால் இந்தச் சிக்கலே இல்லை.

எண்ணெயும் கருவிகளும்: எளிதில் தீப்பற்றும் தெளிப்பான் வகை மசகெண்ணெய்க்கு அனுமதி இல்லை. செயினுக்கான எண்ணெயைச் சேருமிடத்தில் ஒரு சிறு குப்பி வாங்கிக்கொள்ளலாம். ஸ்பேனர், ஆலன் சாவி முதலியவற்றைச் சரக்கறைப் பெட்டியில் வைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். முகாம் அடுப்பு கொண்டுசெல்வோர் வாயுக் குடுவையை எடுத்துச் செல்லவே கூடாது.

விமான நிலையத்தில்

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது. பதிவு மேசையில் எடை பார்த்துச் சீட்டு ஒட்டியபின், பெட்டியை அளவு மீறிய பொதிகளுக்கான தனி இடத்துக்குப் பயணியே தள்ளிச் செல்ல வேண்டியிருக்கும். அங்கே ஊடுகதிர்ச் சோதனை நடக்கும். தேவைப்பட்டால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். எனவே சோதனை முடியும்வரை ஒட்டு நாடாவும் ஒரு கத்தரிக்கோலும் உடனிருந்தால் உதவும். பின்னர் கத்தரிக்கோலை வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிடலாம். பெட்டியின் உள்மூடியில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றை ஒட்டிவைத்தால், திறந்தவர் அதே வரிசையில் மூட முடியும்.

பெட்டியின் வெளியிலும் உள்ளேயும் பெயர், தொலைபேசி எண், முதல் நாள் தங்குமிடத்தின் முகவரி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். வெளிச்சீட்டு கிழிந்துபோனாலும் உள்சீட்டு இருக்கும். இறங்கியபின் வண்டி பெரும்பாலும் சுழல்பட்டையில் வராது. அளவு மீறிய பொதிகளுக்கான தனி வாயிலில் வரும்.

சேதமும் இழப்பும்: பயணியின் உரிமை

வண்டி வளைந்தோ உடைந்தோ வந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இதில் காலக்கெடு மிகக் குறுகியது.

பன்னாட்டு விமானப் பயணங்களில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுப்பது 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. இது 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. இதன் முக்கியக் கூறுகள்:

- சரக்கறைப் பொதி சேதமடைந்தால், பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்து வழியே முறையிட வேண்டும். தாமதமானால், பொதி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் முறையிட வேண்டும். இக்கெடு தவறினால் உரிமை போய்விடும்.
- 21 நாள் ஆகியும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கருதிப் பயணி இழப்பீடு கோரலாம்.
- இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள். ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது பொதிக்கு அல்ல, பயணிக்கு. எல்லாப் பொதிகளும் சேர்த்தே இவ்வரம்பு.
- வண்டியின் மதிப்பு இதைவிட மிகுதியானால், பொதியை ஒப்படைக்கும்போதே சிறப்பு மதிப்பு அறிவிப்புச் செய்து, கேட்கப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தி வரம்பை உயர்த்தலாம்.
- பல நிறுவனங்களின் விமானங்களில் மாறிச் சென்றிருந்தால், முதல் நிறுவனத்திடமோ கடைசி நிறுவனத்திடமோ சேதம் நிகழ்ந்த கட்டத்துக்குரிய நிறுவனத்திடமோ கோரலாம்.
- வழக்குத் தொடர 2 ஆண்டு கெடு.

பதிவு மேசையில் 'சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்பது உண்டு. நிறுவனத்தை முற்றிலும் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் நிபந்தனை இவ்வுடன்படிக்கையின்படி செல்லாது. ஆனால் பொருளின் இயல்பான குறையால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும் உடன்படிக்கை கூறுகிறது; சரியாகக் கட்டப்படாததால்தான் உடைந்தது என்று நிறுவனம் வாதிடக்கூடும். கட்டும்போது எடுத்த ஒளிப்படங்கள் அப்போது சான்றாகும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டியின் வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டையோ நசுக்கலோ தெரிந்தால் அங்கேயே திறந்து பார்த்து, பொதிச் சேவை மேசையில் அறிக்கை பதிவு செய்து, அதன் நகலைப் பெற வேண்டும். விடுதிக்குப் போனபின் கண்டறிந்த சேதத்துக்கும் 7 நாள் கெடு உண்டு என்றாலும், அது விமானத்தில்தான் நேர்ந்தது என்று நிறுவுவது கடினமாகிவிடும். பயணக் காப்பீடு எடுப்போர், ஒரே பொருளுக்கான உச்ச வரம்பு எவ்வளவு, மிதிவண்டி அதில் அடங்குமா என்ற இரண்டையும் படித்துப் பார்க்க வேண்டும்.

சுங்கமும் உயிரியல் பாதுகாப்பும்

இந்தியாவிலிருந்து விலையுயர்ந்த வண்டியுடன் புறப்படுவோர், விமான நிலையச் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். திரும்பும்போது அந்த வண்டி வெளிநாட்டில் வாங்கியதல்ல என்பதற்கு அது ஆதாரம். சட்டத்தின் வரிசை எண்ணும் வாங்கிய ரசீதும் உடன் இருக்க வேண்டும்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் மண்ணும் விதையும் உள்ளே நுழைவதைக் கடுமையாகத் தடுக்கின்றன. பயன்படுத்திய மிதிவண்டியை வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். டயரின் பள்ளங்கள், செயின், காலணியின் அடிப்பகுதி ஆகியவற்றில் மண் ஒட்டியிருந்தால் அதிகாரிகள் நிறுத்திவைத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். அறிவிக்காமல் மறைத்தால் தண்டம் விதிக்கப்படும். புறப்படும் முன்னரே வண்டியை நன்றாகக் கழுவி உலர்த்துவதே எளிய வழி.

மீண்டும் பூட்டுதல்

அமெரிக்காவின் போர்ட்லாந்து விமான நிலையத்தில் மிதிவண்டியைப் பூட்டுவதற்கென்றே கருவிகளுடன் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு மிதிவண்டிப் பாதையிலேயே செல்லலாம். இத்தகைய வசதி இல்லாத இடங்களில், பெட்டியோடு விடுதிக்குச் சென்று நிதானமாகப் பூட்டுவதே மேல். ஜப்பானில் தொடருந்தில் ஏற வேண்டுமானால் வண்டியைக் கழற்றியோ மடக்கியோ முழுவதும் பைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால், அங்கே பையைப் பயணம் முழுவதும் வைத்திருப்பது வழக்கம்.

நீண்ட விமானப் பயணம் முடிந்த களைப்பில் பூட்டும்போது போல்ட்டுகள் விடுபட வாய்ப்புண்டு. ஓட்டத் தொடங்கும் முன் பின்வருவனவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்:

1. முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே இறுகப் பிடித்து, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தால் அது தனியே சுழலக் கூடாது.
2. இரு சக்கரங்களின் அச்சும் இறுக்கமாக இருக்க வேண்டும். சக்கரம் பிரேக்கில் உரசாமல் சுழல வேண்டும்.
3. பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் ஆட்டம் இருக்கக் கூடாது.
4. பெடல்கள் முழுவதும் இறுகியிருக்க வேண்டும். தளர்ந்த பெடலோடு ஓட்டினால் மரை பாழாகும்.
5. கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய கியரில், அதாவது பின்னாலுள்ள பெரிய பற்சக்கரத்தில், கியர் மாற்றி சக்கரக் கம்பிகளில் இடித்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் கியர் மாற்றி கம்பிகளுக்குள் சிக்கி உடையும்.
6. கார்பன் பாகங்களில் போல்ட்டை அதில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது.

பின்னர் போக்குவரத்து இல்லாத தெருவில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்து, எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் பயணத்தைக் குறைந்த தூரமாக வைத்துக்கொள்வது வழக்கம். சாலையின் எந்தப் பக்கம் செல்வது என்பது மாறும் நாடுகளில் இது இன்னும் அவசியம்.

திரும்பும் பயணத்துக்கான பெட்டி

இறங்கிய ஊரிலிருந்தே திரும்புவதானால், முதல் நாளும் கடைசி நாளும் ஒரே விடுதியில் தங்கி, பெட்டியை அங்கேயே விட்டுவைக்கக் கேட்கலாம். பல விடுதிகள் இதற்கு ஒப்புக்கொள்ளும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புவதானால் கடினப் பெட்டி உதவாது. மூன்று வழிகள் உள்ளன: மடித்துச் சுமைப் பையில் வைக்கக்கூடிய நெகிழி உறையைக் கொண்டுசெல்வது, பெட்டியைக் கடைசி ஊருக்கு அஞ்சலில் அனுப்பிவைப்பது, கடைசி ஊரிலுள்ள மிதிவண்டிக் கடைக்கு ஒரு வாரம் முன்பே எழுதி, ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவைக்கச் சொல்வது. மூன்றாவதே பலரும் பின்பற்றுவது. கடைகள் பழைய பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பும் நாள் எதுவென்று தெரியாது. வார இறுதியில் பல நாடுகளில் கடைகள் மூடியிருக்கும். எனவே விமானம் புறப்படும் நாளுக்கு இரண்டு வேலை நாள்களுக்கு முன்பாவது கடைசி ஊரை அடையும்படி பயணத் திட்டம் அமைக்க வேண்டும்.